பேராயரின் கடைசி நாளும் பதினான்காவது சான்றிதழும்

கோவையிலிருந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அந்தப் பாதை என்றாலே எனக்கு முதுகுவலிதான் ஞாபகம் வரும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாத ஞாயிறு. மறுநாள் ஓய்வுபெறவிருந்த எங்கள் பேராயரோடு அம்பாசிடர் காரில் போனேன். பிரியாவிடை மலருக்கு அவர் வாழ்க்கையை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருந்தது.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். அன்னூருக்கு முப்பது கிலோமீட்டர், அங்கிருந்து ஆராதனை நடக்கும் கிராமத்துக்கு மண்பாதையில் ஆறு. போகிற வழியிலேயே கதையைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். பெருந்துறைப் பக்கம் பிறந்தவர். இருபத்தாறு வருடம் போதகர், அதில் பாதி சைக்கிளில். பிறகு பதினொரு வருடம் பேராயர்.

“சைக்கிள் வரைக்கும் நல்லா எழுதுங்க. அதுக்கப்புறம் பூராவும் மீட்டிங்குதானுங்க” என்றார்.

எட்டரைக்கு ஆராதனை. எங்கள் சபையில் பேராயர் தலையில் கைவைத்து ஜெபித்துத் திடப்படுத்தினால்தான் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் கிடைக்கும். அதற்காகவே அங்கே பதினான்கு பேர் காத்திருந்தார்கள். கரண்ட் இல்லை. முழங்காலிட்டவர்கள் வரிசையில் அவர் ஒவ்வொருவராகக் கைவைத்துப் போனார். முடிந்ததும் ஐந்து வீட்டில் காபி. ஒரு வீட்டை விட்டாலும் கோபித்துக்கொள்வார்கள். எனக்கோ எப்போது படுப்போம் என்றிருந்தது.

மேட்டுப்பாளையத்தில் இன்னொரு கூட்டம் முடிந்து, மூன்றரை மணிக்கு டீக்கடை வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்து காலையில் திடப்படுத்தியவர்களுக்கான சான்றிதழ்களில் கையெழுத்திட்டார். ஒவ்வொரு பெயருக்கும் முகத்தை நினைத்துக்கொண்டுதான் பேனாவை வைப்பார். பதினான்காவதில் நின்றுவிட்டார்.

“ராஹேல். இந்தம்மா யாருங்க?”

எனக்கும் தெரியவில்லை. ஓட்டுநர் பழனிச்சாமிதான் சொன்னார்: “முன்னால பெஞ்சுல உக்காந்திருந்தாங்களே, முட்டிவலிக்காரம்மா. மண்டி போட முடியலைங்க.”

முழங்காலிட்ட வரிசையில் இல்லாதவரைப் பேராயர் விட்டுவிட்டார். பெரியவரைப் பாதியில் கூப்பிடுவது மரியாதை இல்லை என்று ஊரே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

“கையெழுத்தப் போட்டுட்டுப் போலாமுங்க. ஆறு மணிக்கு கோவையில பிரியாவிடை. யாருக்குங்க தெரியப்போகுது?” என்றேன் நான்.

“அந்தம்மாவுக்குத் தெரியுமுங்க” என்றார் பேராயர்.

அடுத்த பேராயர் வர ஒரு வருடமாவது ஆகும். அதுவரை அந்தம்மாவுக்குத் திருவிருந்து கிடையாது. வண்டியைத் திருப்பினோம். இருபத்தெட்டு கிலோமீட்டர். எனக்கு எரிச்சலாக வந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

ராஹேலம்மா ஆராதனைக்குக் கட்டியிருந்த வெள்ளைச் சேலையை மாற்றிவிட்டு வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். வயது அறுபது இருக்கும்.

“மண்டி போடாததுனால எனக்கில்லையாக்கும்னு நெனச்சுக்கிட்டேனுங்க” என்றார்.

“எனக்கும் முட்டி மடங்கறதில்லீங்க அம்மணி. நீங்க எந்திரிக்க வேண்டாம்.”

பேராயர் குனிந்து அவர் தலையில் கைவைத்தார். அந்தம்மா அழுதார். நான் நோட்டை மூடிவிட்டேன்.

பிரியாவிடைக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

போகிறவர்களுக்கு: அன்னூர் வரை பேருந்து நிறைய உண்டு, அதற்கப்புறம் சொந்த வண்டிதான் வசதி. தண்ணீர் கொண்டுபோங்கள். காபி கொடுத்தால் மறுக்காதீர்கள்.

மலரில், “கடைசி நாளிலும் பதினான்கு பேரைத் திடப்படுத்தினார்” என்று எழுதியிருந்தேன். அச்சுக்கு முன் பார்க்கக் கொடுத்தேன். வேறெதையும் அவர் தொடவில்லை. அந்த வரிக்குக் கீழே மட்டும் தன் கையால் எழுதியிருந்தார்: “ஒருவரை முதலில் மறந்துபோனேன்.”