வேலியில் விட்ட வழி

அன்றைக்கு என் தோட்டத்து வேலியடியில் நின்றவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, மனைவியின் தம்பியான என் மச்சான், எங்கள் பகுதிக் கிராம சேவகரான விதானையார், சைனாவிலிருந்து வந்த எஞ்சினியர் ஒருவர், அவர் சொல்வதைச் சிங்களத்தில் சொல்லக் கொழும்பிலிருந்து கூட்டிவந்திருந்த ஒரு பெண்பிள்ளை. இவ்வளவு கவனமாக எழுதுவதற்குக் காரணம், அன்று நடந்ததற்கு இந்த ஆறு பேரைத் தவிர என்னிடம் இப்போது வேறு அத்தாட்சி இல்லை.

எஞ்சினியர் சொன்னதை அந்தப் பிள்ளை சிங்களத்தில் சொன்னாள். அதை விதானையார் தமிழில் சொன்னார். அப்படி எங்களிடம் வந்து சேர்ந்த செய்தி இதுதான். காற்றாடியும் சூரியத் தகடும் பூட்டி எங்கள் நெடுந்தீவுக்கு நாள் முழுதும் கரண்ட் தரப்போகிறார்கள். அதற்கு முதல் நிலத்தைத் துளைத்துப் பார்க்கிற மெசின் கடற்கரைக்குப் போகவேண்டும். போகிற வழியில் என் வேலி நிற்கிறது.

நெடுந்தீவில் வேலி என்றால் கல்வேலி. கடற்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக, சாந்து இல்லாமல் அடுக்கியது. பிரிக்க ஒரு நாள் போதும். திரும்ப அடுக்கப் பல நாள் வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு கல்லும் தனக்குப் பொருந்துகிற இடத்தில்தான் இருக்கும்.

"பிரிச்சு விடுங்கோ அண்ணை," என்றார் விதானையார். "வேலை முடியத் திரும்ப அடுக்கிற கூலி அவையள் தருவினம்."

எனக்குக் கரண்டும் வேண்டும், வேலியும் வேண்டும். கரண்ட் எஞ்சினுக்கு டீசல் ஏற்றிவரும் படகு கடல் கொந்தளிப்பில் நின்றால் எங்களுக்கு வெளிச்சமும் நின்றுபோகும். தோட்டத்துக் கிணற்றில் மோட்டர் பூட்டலாம் என்ற ஆசை ஒரு பக்கம், வேலி இல்லாத மிளகாய்த் தோட்டம் ஒரு கிழமைகூடத் தங்காது என்ற பயம் மறுபக்கம். நான் முழிசிக்கொண்டு நின்றதைப் பார்த்து எஞ்சினியர் தன் கொப்பியில் ஒரு தாள் கிழித்து, முப்பத்தாறாயிரம் என்று இலக்கத்தில் எழுதி, கீழே தன் பாஷையில் கையெழுத்து வைத்துத் தந்தார். நல்ல மனிதன். வெயிலில் முகம் சிவந்துபோய் நின்றார். மனைவி தேத்தண்ணி கொடுத்தாள்.

மச்சானும் நானுமாக லொறி போகிற அகலத்துக்குக் கல்லை இறக்கினோம். அவன் மீன்பிடிக்குப் போகாமல் நின்றான், வருகிற காசில் பாதி உனக்கு என்று நான் சொல்லியிருந்தபடியால்.

மெசின் வரவில்லை. முதலில் மழை என்றார்கள். பிறகு பேப்பரில் வந்தது: தன் கரைக்கு இவ்வளவு கிட்டச் சைனா வந்து நிற்பதை இந்தியா விரும்பவில்லையாம். பிறகு வேலை நின்றது. பிறகு, அதே காற்றாடியை இந்தியாவே தன் காசில் தரப்போகிறதாம். எங்கள் மேற்குக் கரையில் நின்றால் சில வேளை கைத்தொலைபேசியில் இந்தியா உங்களை வரவேற்கிறது என்று செய்தி விழும். அதைப் பார்த்தாலே, காசு வெட்டுவார்களோ என்று ஃபோனை நிற்பாட்டி வைக்கிறவன் நான். இவ்வளவு பெரிய இரண்டு நாடுகள் என் வேலியில் திறந்த பொட்டுக்குள்ளால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றால் எனக்கு எப்படி நித்திரை வரும்?

"மீனை அள்ளிக்கொண்டு போறவங்கள்தான் இனி வெளிச்சம் தரப்போறாங்கள்," என்றான் மச்சான். அவனுடைய வலையை இந்தியாவிலிருந்து வந்த இழுவைப் படகு இரண்டு தரம் அறுத்திருக்கிறது. "அந்த வெளிச்சத்தில இருந்து வலையைப் பொத்தலாம்."

வழி திறந்தபடி கிடந்தது. பனையின் கருக்குமட்டையும் பழைய வலையும் கட்டிப் பார்த்தோம். கோடையில் தண்ணீர் தேடி வந்த, தீவில் ஆளில்லாமல் திரிகிற கட்டைக்குதிரைகள் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, மிளகாய்க் கன்றுகளை மிதித்து, தொட்டித் தண்ணீரையும் குடித்துவிட்டுப் போயின. இரண்டு போகம் நான் நடவில்லை. சரியாக அடுக்கி அடைப்போம் என்றால், அடைத்த பிறகு காசு கேட்க ஏலாது என்று ஒரு யோசனை. யோசித்து யோசித்தே காலம் போனது.

அப்படியிருக்க ஒரு காலை, காற்றாடி வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்த ஓர் அதிகாரியின் உதவியாளர் எனக்கு ஃபோன் எடுத்தார். நம்பர் விதானையார் கொடுத்ததாம்.

"அண்ணே, உங்க இடத்தைப் பார்த்தோம். சார் நாளைக்கு நேர்ல வந்து உங்ககிட்ட பேசுவாரு."

ஃபோனை வைத்ததும் போய் அலுமாரியைத் திறந்தேன். எங்கள் ஊரில் கதைப்பது வேறு, பேசுவது வேறு. ஒருவர் வந்து பேசுவார் என்றால் ஏசப்போகிறார் என்றுதான் அர்த்தம். எதற்கு ஏசப்போகிறார்? சைனாக்காரனுக்கு வேலியைத் திறந்து விட்டவன் நான். அதற்குச் சாட்சியாக அவன் கையெழுத்து அலுமாரிக்குள் கிடக்கிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், எழுதின கடுதாசி என்றாலே எனக்கு நெஞ்சிடிக்கும். அதிலும், ஒரு பக்கத்தாரின் கடுதாசி வீட்டில் இருந்தால் மறுபக்கத்தார் வந்து கேட்கிற சண்டைக்காலத்தில் வளர்ந்தவன்.

குசினிக்குள் போய், கேத்தலுக்குக் கீழே எரிந்த அடுப்பில் அந்தத் தாளை வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, என்னத்தை எரிக்கிறியள்?" என்றாள் மனைவி.

"பழைய கடுதாசி ஒண்டு."

அடுத்த நாள் அந்த அதிகாரி விதானையாரோடு வந்தார். தலை நரைத்த, மெதுவாகக் கதைக்கிற மனிதர். ஏசவில்லை. கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். வேலியைப் பார்த்துவிட்டு, "இந்த வழியை அடைச்சிடாதீங்க, எங்க மெஷினும் இப்படித்தான் போகணும்," என்றார். பிறகு, "முன்னாடி வந்தவங்க ஏதும் எழுதிக் கொடுத்திருந்தா காட்டுங்க. உறுதி சொல்ல முடியாது, ஆனா அந்தக் கூலியைப் பத்தி மேலே கேட்டுப் பார்க்கிறேன்," என்றார்.

"அந்தத் துண்டு இருக்குத்தானே அண்ணை?" என்றார் விதானையார்.

மனைவி என்னைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள்.

"தேடிப் பாக்கிறன்," என்றேன்.

அவர்கள் போன பிறகு மச்சானுக்கு உண்மையைச் சொன்னேன். அவன் சிரித்தான், ஆனால் கனநேரம் சிரிக்கவில்லை.

"அத்தான், அவையளுக்குப் பேசிறது எண்டால் கதைக்கிறது. நீங்கள் டிவியில அவையளின்ரை நாடகம் பாக்கிறேல்லையே?"

"பாக்கிறனான். அந்த நேரம் அது மண்டைக்குள்ள வரேல்லை."

"காசை விடுங்கோ. வேலியை என்ன செய்யப்போறியள்?"

இந்தியாவின் மெசினும் இன்னும் வரவில்லை, வரும் என்கிறார்கள். அடைக்கவேண்டாம் என்று சொல்லிப் போனதால் அடைக்கவும் பயம். கல் இரண்டு கும்பியாகப் புல்லுக்குள் கிடக்கிறது. இந்த வருடமும் மிளகாய் நடவில்லை. மச்சான் கேட்கவும் மாட்டான், மறக்கவும் மாட்டான். சைனாவும் இந்தியாவும் தங்களுக்குள் எதைத் தீர்த்துக்கொண்டாலும், கடலுக்குப் போகாமல் நின்று என்னோடு கல் இறக்கியவனுக்கு நான் சொன்ன சொல் என்னுடையது. அவனுக்கு நான் இன்னும் கொடுக்கவேண்டியது பதினெட்டாயிரம் ரூபா.