திறந்து கிடந்த வீடு

நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். முதல் பிள்ளையை வீட்டிலேயே பெறுவது என்று ஏழாம் மாதத்தில் ஒற்றைக்காலில் நின்றபோதும் அப்படித்தான். எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் ஏறினால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். சிக்கல் வந்தால் ஓடிப்போவது பெரிய காரியமா என்று கணவரிடம் கேட்டேன். துறைமுகத்து வேலைக்கு நேரமாகிவிட்டிருந்த அவர், "கொம்மாவைக் கேளும்" என்று என் அம்மாவின் தலையில் போட்டுத் தப்பிக்கொண்டார்.

உண்மையில் எனக்குப் பயம். பிரசவ அறைக்குள் சொந்தக்காரரை விடமாட்டார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தார். தனியாகக் கிடந்து கத்த என்னால் முடியாது, அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் பெரிய தைரியசாலி போல, நான் பிறந்த கதையைத் துணைக்கு இழுத்தேன்.

அந்தக் கதை அம்மாவின் ஊரான கட்டைபறிச்சானில் நடந்தது. சண்டைக் காலம். குடாவைக் கடந்து திருகோணமலைக்கு வர அன்றைக்கு வள்ளம் இல்லை. அம்மாவுக்கு வலி கண்டும் பிள்ளை வராமல் நின்றதால், வீட்டில் மூடியிருந்ததையெல்லாம் திறந்தார்களாம். வீட்டுக்குள் பூட்டோ முடிச்சோ இருந்தால் பிள்ளையின் வழியும் அடைபட்டிருக்கும் என்பது ஊர் நம்பிக்கை. அலுமாரி, டிரங்குப் பெட்டி, குசினிக் கதவு எல்லாம் திறந்து, கடைசியில் நெல் மூட்டையின் கட்டை அவிழ்த்ததும் நான் வந்து விழுந்தேனாம். என் பிறந்தநாள் தவறாமல் அம்மா இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார்.

எங்கள் பகுதி மருத்துவ மாது என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தபோது நான் விஷயத்தை எடுத்தேன்.

"முதல் பிள்ளை, தங்கச்சி. வீட்டில எண்டா நான் ஓம் எண்டு சொல்ல ஏலாது."

"ஏன் மிஸ்? என்னையும் வீட்டிலதான் பெத்தவ. நான் நல்லாத்தானே இருக்கிறன்?"

அதோடு வாயை மூடியிருக்கலாம். தேத்தண்ணீரோடு வந்த அம்மாவைக் காட்டி, "வேணுமெண்டா அவவையே கேளுங்கோ" என்றேன்.

மிஸ் அம்மாவைப் பார்த்தார். "இவதானோ அம்மா உங்கட மூத்த பிள்ளை?"

அம்மா தேத்தண்ணீரைக் கதிரையில் வைத்தார். பிறகு, "இல்லை" என்றார்.

அன்றுவரை நான்தான் மூத்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிஸ் போன பிறகு குசினிக்குள் அம்மாவே சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

"உனக்கு முதல் ஒரு ஆம்பிளைப் பிள்ளை. பிறந்து அழேல்லை. அந்த முறையும் வள்ளம் இல்லை. அந்த முறையும் எல்லாம் திறந்துதான் வச்சனாங்கள்."

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"உன்ர பிறந்தநாளில அந்தக் கதையும் கதைக்கிறதோ?"

இத்தனை வருடமாக எனக்காக அம்மா சிரித்த சிரிப்பை, முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் நான் பறித்துவிட்டேன். அதுவும் என் வாதம் வெல்ல வேண்டும் என்பதற்காக. ஆஸ்பத்திரிக்கே போகிறேன் என்று அன்றே சொன்னேன். அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

மழை வருவதும் பிள்ளை பிறப்பதும் மகாதேவனுக்கும் தெரியாது என்பார்கள். சொன்ன நாளுக்கு முன்பே ஒரு காலையில் எனக்கு வலி வந்தது. அம்மா கேற் வரை வந்து, "நீங்கள் போங்கோ, நான் வீட்டில நிக்கிறன்" என்றார். பெண் பிள்ளை பிறந்தாள். பார்வையாளர் நேரத்தில் மற்றவர்களின் அம்மாமார் சுடுதண்ணீர்ப் போத்தலும் கையுமாக வந்து நின்றார்கள். என் அம்மா வரவில்லை. "வீட்டை விட்டிட்டு வர ஏலாதாம்" என்றார் கணவர். அம்மாவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அதற்குத்தான் என்னைத் தண்டிக்கிறார் என்று நினைத்தேன். நான் செய்ததற்கு அது தகும் என்றும் நினைத்தேன். ஆனாலும் பிள்ளையை அணைத்துக்கொண்டு கோபத்தில் அழுதேன்.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்தபோது கேற் அகலத் திறந்து கிடந்தது. வாசல் கதவும் அப்படியே. உள்ளே அலுமாரிக் கதவுகள், சூட்கேஸ்கள், அரிசி வாளி, கணவர் ஸ்பானரும் சுத்தியலும் வைக்கும் பெட்டி எல்லாம் திறந்தபடி. சீனிப் போத்தலின் மூடியைக்கூட அம்மா கழற்றி வைத்திருந்தார், அதற்குள் எறும்பு ஊர்ந்தது. இவ்வளவையும் திறந்து போட்டுவிட்டு வீட்டை விட்டு எப்படி வருவது? நாங்கள் போன நேரத்திலிருந்து வாசலில் கதிரையைப் போட்டுக் காவல் இருந்திருக்கிறார். கண்கள் சிவந்திருந்தன.

அவர் பிள்ளையைக் கையில் வாங்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"பிறந்த உடன அழுதவளோ?"

"இவர் ஃபோனில சொன்னவர்தானேயம்மா?"

"சொன்னவர். நீ சொல்லு."

"ஓம் அம்மா. நல்லாக் கத்தினவள்."

அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பினார்.

"அப்ப, இனிப் பூட்டட்டே பிள்ளை?"