வக்கீலையா திருப்பித் தந்த சுருட்டு

பிள்ளைகளா, பேய் பிசாசுன்னு யாராவது சொன்னா சிரிச்சவன்தான் உங்கப்பன். இதை நீங்க நம்பாட்டியும் பரவாயில்லை, நடந்ததை எழுதி வைக்கிறேன்.

உங்களுக்கெல்லாம் முன்னாடி எங்களுக்கு ஒரு பொண்ணு பிறந்து, பேர் வைக்கிறதுக்குள்ளேயே போயிட்டா. அப்போ பர்மாவுல, தாமுவேங்கிற பேட்டையில குடியிருந்தோம், பக்கத்து இடுகாட்டுலதான் புதைச்சோம். பேரில்லாத பிள்ளைக்குக் கல் நடுறது நம்ம வழக்கமில்லை, வெறும் மண்மேடுதான். தொண்ணூறுகள்ல அந்த இடுகாட்டைக் காலி பண்ண உத்தரவு வந்துச்சு. பேர் வெட்டின கல் இருந்தா எலும்பை எடுத்து ஊருக்கு வெளியே புதைச்சுக்கலாம், இல்லாததை மண்ணோட தள்ளிடுவாங்க. உங்கம்மா சோத்துல கை வைக்கலை.

அங்கேதான் வக்கீலையா சமாதியும் இருந்துச்சு. வெள்ளைக்காரன் காலத்துல இந்த ஊர்க் கோர்ட்டுல கறுப்புக் கோட்டு போட்ட முதல் தமிழ் ஆளாம். நகரசபையில வெள்ளைக்காரங்க நடுவுல தனியா உட்கார்ந்து, கறுத்த தோல்காரனுக்கும் செத்தா படுக்க இடம் வேணும்னு வாதாடி அந்த நிலத்தை வாங்கினவராம். கேசு உள்ளவங்க அவர் தலைமாட்டுல ஒரு சுருட்டை வச்சு, வழக்கைச் சத்தமா சொல்லிட்டு வருவாங்க. வக்காலத்து கொடுக்கிறதுன்னு அதுக்குப் பேர்.

டீக்கடை காசிம் பாய்தான் கிண்டலா, "போய்க் கொடு மாப்ள, உசுரோட இருக்கிற வக்கீல் எவன் ஒரு சுருட்டுக்கு வருவான்?"னாரு. வேற வழி தெரியாம ஒரு சாயங்காலம் போனேன். உங்கம்மா சேலைக்கரை நூலைச் சுருட்டுல கட்டி வச்சேன். "பேரில்லாத பிள்ளைங்கய்யா"ன்னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பிட்டேன்.

மறுநாள் காலையில, காலி பண்ணச் சொல்லி உத்தரவு போட்ட ஆபீசுக்குப் போனா, நான் பேசுறதுக்குள்ள அங்கிருந்த பர்மாக்கார ஆபீசர், அண்ணன்னு அவங்க மரியாதையாக் கூப்பிடுற மாதிரி, "கோ முத்து, உங்க வக்கீல் இப்பத்தான் போனாரு. இந்த வெயில்ல கறுப்புக் கோட்டு! நல்லாத்தான் வாதாடினாரு, பிள்ளைக்கு அமுதான்னு பேர் இருக்குன்னாரு. கல் எங்கேன்னு கேட்டேன், தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. என் கையில என்ன இருக்கு? தோத்த கேசுக்குக் கூலி வேண்டாமாம்"னு மேசையில ஒண்ணை வச்சாரு.

நூல் கட்டின சுருட்டு.

வாசல் காவல்காரனோ, காலையிலேர்ந்து யாருமே உள்ளே போகலைங்கிறான்.

அந்த வாரமே மண்ணைத் தள்ளிட்டாங்க, வக்கீலையா சமாதியும் அதோட போச்சு. அதைக்கூட எப்படியோ தாங்கிக்கிட்டோம். ஆனா ஆபீசுக்குப் போன அன்னைக்கு, வேற யார் கேசையோ குழப்பிட்டாங்கன்னு நினைச்சு, வீட்டுக்கு வந்து அந்தப் பேரை உங்கம்மாகிட்ட சொன்னேன். அவ அடுப்படியிலேயே உட்கார்ந்துட்டா.

"அது நான் மனசுக்குள்ள மட்டும் வச்சிருந்த பேருங்க. உங்ககிட்டக்கூட சொல்லலையே."