மடிப்பு விழாத நோட்டு

மதியச் சாப்பாட்டில் கை வைத்தபோது ஊரிலிருந்து செல்வராஜின் போன். "பாய் போயிட்டாருண்ணே" என்று அழுதான். கொஞ்ச நேரத்தில், "அந்த லேமினேஷன் ஞாபகம் இருக்காண்ணே?" என்று கேட்டுச் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன்.

சவூதியில், ஜித்தாவின் ஷரஃபியா பகுதியில் துணிக்கடை வைத்திருந்த மொகுதூம் காக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். காயல்பட்டினத்தார் அண்ணனைக் காக்கா என்பார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டேன். செல்வராஜுக்கு அவர் பாய். கட்டட வேலைக்கு வந்த செல்வராஜும் கணக்கெழுத வந்த நானும் அவர் அறையில்தான் இருந்தோம். நாங்கள் வேலை செய்து பணம் வாங்கினோம். காக்கா பணம் கொடுத்துப் பணம் வாங்கினார், அதுவும் செல்லாத பணம்! அமெரிக்கா தனி நாடாகும் முன், பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது அச்சடித்த நோட்டுகள். கசங்கியிருந்தால் தொடமாட்டார். "இருநூறு வருசம் தாண்டியும் ஒரு மடிப்பு விழல. நம்மால முடியுமா?" என்று தொப்பையைத் தடவிக்கொள்வார்.

பின்பக்கம் இலை அச்சுள்ள ஒரு நோட்டுக்காகப் பல வருடம் ஏங்கினார். மக்காவுக்கு உம்ரா யாத்திரை வந்த உறவினர் ஒருவர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் அதை மேஜைமேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார் காக்கா. அன்று செல்வராஜுக்கு லீவு.

மாலையில் நான் காக்காவின் கடையில் இருந்தபோது அவன் காக்காவுக்குப் போன் செய்தான். "பாய், உங்க நோட்டு கிழிஞ்சிரும்னு தெருமுனை ஜெராக்ஸ் கடையில லேமினேட் பண்ணக் குடுத்திருக்கேன். இனிமே தண்ணி பட்டாக்கூட ஒண்ணும் ஆகாது!"

சூடான பிளாஸ்டிக் ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது; சேகரிப்பவருக்கு அந்த நோட்டின் கதை முடிந்தது. காக்கா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டதால் அந்த ஜெராக்ஸ் கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. நோட்டு உள்ளே. காக்கா பள்ளிவாசலுக்குப் போனார். கடை வாசலில் நின்ற செல்வராஜிடம் விஷயத்தை நான் சொன்னதும் அவன் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

தொழுகை முடிந்து ஷட்டர் ஏறியது. "மெஷின் சூடாகும் முன்னே பாங்கு விளிச்சு, காக்கா" என்று கடைக்கார மலையாளி, பிளாஸ்டிக் படாத நோட்டை நீட்டினார். காக்கா அதை வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு செல்வராஜின் பிடரியைப் பிடித்தார். இன்றைக்குச் செத்தான் என்று நினைத்தேன்.

"இந்தாங்க, இவனை லேமினேட் பண்ணித் தாங்க. இப்படி ஒருத்தன் கெடாம இருக்கணும்."

நோட்டு அவர் மகனிடம் பத்திரமாக இருக்கிறது. எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வாக்கியம். என் வீட்டில் யாராவது ஆசை ஆசையாக நல்லது செய்யப் போய் எதையாவது கெடுத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றால், திட்டுவதற்கு முன் அதைச் சொல்லிப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு திட்ட வருவதில்லை.