வலி போகாதவனின் சாட்சி

வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் மிச்சமான பிறகு, எனக்கு ஆறுதல் சொல்ல வராத ஆள் ஓசூரில் பாக்கி இல்லை. உயிர் தப்பியதே, சந்தோஷப்படு என்றார் ஒருவர். போன ஜென்மத்துப் பாவம் என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டுக்காரர் ஒருபடி மேலே போய், "இடது கை நல்லா இருக்குல்ல" என்று அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். விட்டால் அதற்கு மாலையே போட்டிருப்பார்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டோடு வந்த நான், சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஷெட்டில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டிகளுக்கான தகட்டுப் பாகங்களை அடித்துக் கொடுக்கிற ஷெட். அந்த பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலேயிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் டைக்கு அடியில் போகாது அல்லவா, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஒழுங்காக ஓட்டினால் ஷிப்டுக்குச் சொன்ன எண்ணிக்கை வராது. அதனால் நாங்கள் ஒரு பட்டனில் ரப்பர் துண்டைச் செருகி, அது அமுங்கியபடியே நிற்கும்படி செய்துவிடுவோம். ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். மெஷின் சரசரவென்று ஓடும். சூப்பர்வைசருக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். இன்ஸ்பெக்‌ஷன் வருகிற நாளில் மட்டும் ரப்பர் எங்கள் சட்டைப் பைக்குப் போய்விடும். இந்த வித்தையில் நான் கெட்டிக்காரன் என்று ஷெட்டில் பெயர் வேறு. அந்தப் பெயரை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

டை என் கைமேல் இறங்கிய அன்றும் ரப்பரைச் செருகியது நான்தான். யாரும் என் கையைப் பிடித்துச் செய்ய வைக்கவில்லை.

காயம் ஆறிவிட்டது. வலிதான் ஆறவில்லை. எந்த இடத்தில் என்று கேட்டால் சிரிப்பீர்கள். இல்லாத நடுவிரலில்! டை இன்னும் அதன்மேல் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு நசுக்கல். தேய்த்துவிடலாம் என்று இடது கையைக் கொண்டுபோனால் அங்கே வெறும் காற்று. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "விரல் போனது நரம்புக்குத் தெரியாதுப்பா, போகப் போகச் சரியாயிடும்" என்றார். எட்டு மாதமாகப் போய்க்கொண்டே இருந்தது. சரியாகவில்லை. கம்பெனியில் இரக்கப்பட்டு என்னை ஸ்டோரில் நட்டு போல்ட்டுக்குக் காவல் வைத்தார்கள்.

என் மனைவி ராயக்கோட்டைக்காரி. கோயில், மசூதி, மந்திரிக்கிறவர் என்று எல்லா இடத்துக்கும் போய்க் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். கடைசியில் அவளோடு வேலை செய்த ஒருத்தி கூப்பிட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஜெப வீட்டுக்குப் போனாள். அங்கேயே நின்றுவிட்டாள். கயிறுகளையெல்லாம் அறுத்துப் போட்டுவிட்டு தினமும் விடிகாலையில் முட்டிபோட்டு என் விரலுக்காக அழுவாள். அவள் அழுவதைக் கேட்க முடியாமல்தான் நானும் போக ஆரம்பித்தேன். பக்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் நானும் வலியும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அங்கே பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். அடேயப்பா, அந்த அரை மணி நேரத்தில் நடந்ததெல்லாம் உண்மையாக இருந்திருந்தால் ஓசூர் ஆஸ்பத்திரிகளை இழுத்து மூடியிருக்கலாம்! ஒருவருக்குச் சர்க்கரை போய்விட்டது. ஒருவருக்குக் கல் கரைந்துவிட்டது. ரோஜா பண்ணையில் பூப் பறிக்கிற ஐம்பது வயசு அம்மா ஒருத்தி, தன் மூட்டுவலி பறந்துவிட்டது என்று தெலுங்கும் தமிழும் கலந்து சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத் தன் இடத்துக்குப் போனாள். பறந்த வலி இவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்துவிட்டதா என்று நான் உள்ளுக்குள் கேலி செய்தேன். பொய் சொல்கிறதற்கு ஒரு மைக், அதற்கு ஒரு கீபோர்டு என்று நினைத்துக்கொண்டேன்.

பாஸ்டர் ஒரு காலத்தில் லேத் ஓட்டியவர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல். மைக்கே தேவையில்லை, ஆனாலும் மைக்கைக் கீழே வைக்க மாட்டார். ஒரு நாள் என் தோளில் கை போட்டு, "பிரதர், உங்களைத் தம்மண்டை இழுக்கத்தான் கர்த்தர் அந்த மூணு விரலை எடுத்திருக்கார்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "கர்த்தரை எதுக்குப் பாஸ்டர் இதுல இழுக்கறீங்க? பட்டனை அடைச்சது நான்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே ஸ்தோத்திரம் என்றார். எதைச் சொன்னாலும் ஸ்தோத்திரம் என்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

அந்த மனிதர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே என்னைப் பிடித்து உட்கார வைத்தார். இயேசு உயிர்த்தெழுந்து சீஷர்களிடம் வந்து தன் கைகளைக் காட்டிய பகுதியைப் படித்தார். படித்த வேகத்தில் ஜெயம், ஜெயம் என்று அடுத்ததற்குத் தாவிவிட்டார். நான் தாவவில்லை. கையில் ஆணி அடித்த இடம் அப்படியே இருந்தது என்றல்லவா படித்தார்? சாவையே ஜெயித்து வந்தவருக்கு உள்ளங்கையில் இரண்டு ஓட்டையை மூடத் தெரியாதா? தெரிந்தும் மூடாமல் வந்திருக்கிறார். அதையே அடையாளமாகக் காட்டியிருக்கிறார். நான் என் வலது கையைப் பேன்ட் பையிலிருந்து வெளியே எடுத்து மடிமேல் வைத்தேன். எட்டு மாதத்தில் நாலு பேர் இருக்கிற இடத்தில் அதை வெளியே எடுத்தது அதுதான் முதல் தடவை. வலி ஒரு துளி குறையவில்லை. ஆனால் அந்த வலியோடு நான் தனியாக இல்லை என்று தோன்றியது. அழுகை வந்துவிட்டது. கேலி பேசிக்கொண்டிருந்தவனுக்கு அழத்தான் வெட்கமாக இருந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் அழுததை மட்டும் என் மனைவி பார்த்துவிட்டாள். அதுவே வினையாகிப் போனது. வலி போய்விட்டது, அதனால்தான் அழுகிறார் என்று அவளே முடிவு கட்டி, பாஸ்டரிடமும் பெண்கள் வரிசை முழுக்கவும் சொல்லிவிட்டாள். சபை ஆண்டு விழா வந்தது. பேரிகை, பாகலூர்ப் பக்கமெல்லாம் இருந்து ஆட்கள் வருவார்கள், பிரியாணி உண்டு. அன்றைக்கு முக்கியமான சாட்சி என்னுடையது என்று அறிவித்தும்விட்டார்கள்.

"எனக்கு வலி போகலடி" என்றேன் வீட்டில்.

"போயிடுச்சுன்னு விசுவாசமா சொன்னா போயிடுங்க."

"எட்டு மாசமா இல்லாத விரல் வலிக்குது. இல்லாத சுகத்தையும் நான் சொல்லணுமா?"

அவள் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டாள். "நான் மாசக்கணக்கா முட்டி தேய ஜெபம் பண்ணிக்கினு இருக்கேன். எனக்கு ஒரு பதில் வேணாமா? நீங்க இல்லன்னு சொன்னா, நான் அங்க எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது? நான் கும்பிட்டது பொய்யா?"

விழுந்த கரண்டியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். என்னால் தாங்க முடிகிறதோ இல்லையோ, அவளுடைய நம்பிக்கை உடைந்தால் அவளால் தாங்க முடியாது. ஒரு பொய். எல்லோரும் சொல்கிறதுதானே, சொல்லித் தொலைத்தால் என்ன என்று நினைத்துக்கொண்டுதான் விழாவுக்குப் போனேன்.

மைக்கை வலது கையில்தான் கொடுத்தார்கள். கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் அது நிற்கவில்லை, நழுவியது. இடது கைக்கு மாற்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், பந்தல் முழுக்க முகங்கள். முதல் வரிசையில் என் மனைவி புதுச் சேலையில் கண்ணை மூடிக் கை கூப்பியிருந்தாள். அந்தக் கையை இத்தனை பேர் பார்த்துவிட்ட பிறகு பொய் வாய்க்கு வரவில்லை.

"எனக்கு வலி போகலீங்க" என்றேன். "இப்பவும் வலிக்குது. என் விரலைக் கர்த்தர் எடுக்கல. நான்தான் பட்டன்ல ரப்பரை அடைச்சு ஓட்டுனேன். இங்க உள்ள பிரஸ் ஆபரேட்டருங்க எல்லாருக்கும் அது தெரியும். ஆனா ஆண்டவர் கையிலயும் காயம் இருக்கு. அதனால என்கூட உக்காந்திருக்கார்னு நம்புறேன். இவ்வளவுதான் என் சாட்சி."

கீபோர்டுக்காரர் எந்தக் கட்டையை அமுக்குவது என்று தெரியாமல் விழித்தார். பாஸ்டர் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, "நம்ம பிரதருக்கு முழு விடுதலை சீக்கிரத்துல, அல்லேலூயா" என்று சமாளித்தார். நாலைந்து பேர்தான் திருப்பிச் சொன்னார்கள். என் மனைவி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பிரியாணி வரிசையில் என்னை விட்டு நாலடி தள்ளித்தான் நின்றார்கள், ஒட்டிக்கொள்ளும் என்கிற மாதிரி. ரோஜா பண்ணை அம்மா மட்டும் தட்டோடு கிட்டே வந்து, முழங்காலைத் தொட்டுக் காட்டி, "நாக்கூ போலேது தம்பி" என்றாள். எனக்கும் போகவில்லை என்கிறாள். "மைக்கு குடுத்தாங்க, என்னா சொல்றது? எல்லாரும் ஆசையா பாக்கறாங்க." அவள் கண் கலங்கியிருந்தது. இத்தனை மாதமும் நான் பொய்க்காரி என்று கேலி செய்தது இந்த அம்மாவைத்தான். 

வீட்டில் என் மனைவி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வரும், தண்ணீர் வரும், சத்தம் வராது. விடிகாலை ஜெபமும் நின்றுபோனது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. உண்மையைச் சொல்லி அவளிடம் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டேனோ என்று ஸ்டோரில் உட்கார்ந்து புழுங்கினேன்.

நாலாம் நாள் சாயங்காலம் பாஸ்டர் வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நானும் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து இடது ஷூவைக் கழற்றினார். உள்ளங்காலில் துணிக்கட்டு. அதைப் பிரித்தார். சர்க்கரைப் புண், உள்ளே குழி விழுந்திருந்தது.

"ரெண்டு வருஷம் ஆவுது பிரதர்" என்றார். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகும் என்று எனக்குத் தெரியாது. "மத்தவங்களுக்கு ஜெபிக்கிறவன் எனக்கு ஆறலன்னு எப்படிச் சொல்றது? என் வீட்டுக்காரிக்குத் தவிர யாருக்கும் தெரியாது."

"அப்ப எங்களை மட்டும் ஏன் பாஸ்டர் போயிடுச்சுன்னு சொல்ல வெச்சீங்க?" என்று கேட்டேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு புண்ணைப் பார்த்ததும் உருகிவிடுகிற ஆள் நான் இல்லை.

"தப்புதான்" என்றார். ஸ்தோத்திரம் என்று சொல்லவில்லை. "எனக்கு ஜெபம் பண்ணுங்க."

எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. சாட்சிக்காரர்களைப் போல அடுக்கிச் சொல்லவும் வராது. தரையில் உட்கார்ந்தேன். எந்தக் கையை வைப்பது என்று யோசித்து, வலது கையை அவர் கால்மேல் வைத்தேன். "ஆண்டவரே, இவருக்கு வலிக்குது. எனக்கும் வலிக்குது. உமக்கும் வலிச்சிருக்கு. ஆத்துனா சந்தோஷம். ஆத்தலன்னாலும் எங்களை விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றேன்.  எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

அடுப்படி வாசலிலிருந்து என் மனைவி, "ஆமென்" என்றாள். நாலு நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.