தலை எண்ணுற அக்கா

ஸ்கந்தபுரம் முன்பள்ளியில் அவா எனக்கு மூத்த ஆசிரியை. மெலிந்த உடம்பு, உரத்த குரல். குண்டு போட வாற கிபிர் விமானத்தின் சத்தம் கேட்டால் பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணித்தான் பதுங்குகுழிக்குள், பங்கருக்குள், இறக்குவா. தன்னை மட்டும் எண்ணமாட்டா.

பிள்ளை பெறப் போன ஒரு ஆசிரியையை, முன்பள்ளியை நடத்திய நிறுவனம் வேலையால் நிறுத்தியது. எங்களுக்கொரு சங்கம் வேணுமென்று ஆசிரியைகள் பன்னிரண்டு பேர் அந்தப் பங்கருக்குள் இருந்து கதைத்தோம்.

“பயமில்லையோ அக்கா?” என்றேன்.

“பயந்தான். பிள்ளையளுக்குக் காட்டாமல் பழகீட்டன்.”

விஷயம் வெளியே போய்விட்டது. நிறுவனப் பொறுப்பாளர் வந்து எங்களை வரிசையாக நிறுத்தினார்.

“சங்கத்துக்கு எத்தினை பேர்?”

அவா எங்கள் தலைகளைப் பார்த்தா. அவா தன் தலையில் கை வைத்தா.

“ஒராள்.”

மறுநாள் அவாவுக்கு வேலையில்லை. கிபிர் வந்தபோது பிள்ளைகளை நான் எண்ணினேன். இரண்டு தரம் எண்ணிக்கை பிழைத்தது.