டிவியிடம் பேசிய பேச்சு

பங்காரு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். டிவியில், கோபித்துக்கொண்டு போன மனைவியின் வாசலில் கதாநாயகன் மழையில் நனைந்தபடி நின்றான். சீரியலில் வரும் சண்டையெல்லாம் பங்காருவுக்குத் தன் சண்டைதான். கண் கலங்கியிருந்தது.

பொதட்டூர்பேட்டையில் அவள் தம்பியின் புதுவீட்டு விசேஷத்தில், தன்னை யாரும் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று கணவர் சின்னசாமி பாதியில் எழுந்து வந்துவிட்டார். அவள் தனியாக பஸ் ஏறி கே.ஜி.கண்டிகைக்கு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் நேர்ப்பேச்சு இல்லை. சொல்ல வேண்டியதை மாட்டிடமோ டிவியிடமோ சொன்னார்கள். அவரே முதலில் கூப்பிடட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"கல்லாட்டம் நின்னுகினு கீறான் பாரு. வாயத் தொறந்து கூப்புடேன்டா!" என்றாள் டிவியைப் பார்த்து.

"கூப்ட்டா வருவாளாமா?" கதவருகே நின்ற சின்னசாமியும் டிவியைத்தான் கேட்டார்.

"விசேஷ வூட்ல அம்போன்னு வுட்டுட்டு வந்தவன் இதக் கேக்கறானா?"

சீரியலில் விசேஷ வீடே வரவில்லை. சின்னசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்புதான்." இந்த முறை அவர் டிவியைப் பார்க்கவில்லை. "நாளைக்கு கிருத்திகை. மலைக்கோயிலுக்குப் போய்ட்டு வரலாமா, பங்காரு?"

திரையில் கதவு திறந்தது. அவள் அதைப் பார்க்காமல் எழுந்தாள். விதைக்கடலையை ஒருவரையும் தொடவிடாதவள், ஒரு கை அள்ளி அவர் உள்ளங்கையில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.